வந்த மூன்றாம் நாள்

கணவாய் மீனின் தலையைப் பிடித்து இழுத்ததும் உள்ளே இருந்ததெல்லாம் ஒரே கொத்தாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. மைப்பை உடைந்து ஜைத்தூனின் விரலிடுக்கெல்லாம் கறுத்தது. சீ என்றாள். யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் கணவாயைப் பார்த்துச் சொன்னதாகத்தான் நினைத்துக்கொள்வார்கள். குளியலறைக்குள் அவள் கணவர் அபுதாஹிர் காறிக்கொண்டிருந்தார். அடித்தொண்டையிலிருந்து, அதற்கும் கீழே எங்கிருந்தோ, சளியைச் சுரண்டிச் சுரண்டி மேலே கொண்டுவந்து, வாயில் ஒரு நொடி வைத்திருந்து, பிறகு துப்புகிற சத்தம். அந்த ஒரு நொடியைத்தான் தாங்க முடியவில்லை. துப்பித் தொலைய வேண்டியதுதானே, எதற்கு வைத்திருக்கிறார், என்ன யோசனை அதில். விடிந்ததிலிருந்து இது நாலாவது தடவை. எண்ணுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. பதினோரு வருஷம் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தவள், மாப்பிள்ளை வந்து சேர்ந்த மூன்றாம் நாள் அவருடைய காறலை எண்ணிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். ரெண்டு கிலோ கணவாய். தம்பிக்குப் பிடிக்கும் என்று அவருடைய அக்கா உம்முசல்மா மதினி காலையிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். தொண்டியில் கணவாய்க்குப் பஞ்சமில்லை. அபுதாஹிர் வெளிநாட்டு ஜெயிலுக்குப் போன நாளிலிருந்து இந்த வீட்டில் கணவாய் ஆக்கியதில்லை. அவருக்குப் பிடித்ததை அவர் இல்லாமல் தின்பதா என்று விட்டிருந்தாள், அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லியும் இருந்தாள். உண்மையில் அவளுக்குக் கணவாய் என்றாலே ஆகாது. அந்த வழுவழுப்பு, உரிக்க உரிக்க விரலில் சுற்றிக்கொள்கிற அந்த ஊதாத் தோல், செத்த பிறகும் எதையோ பார்த்துக்கொண்டே இருக்கிற கண். அவருக்காக விட்டேன் என்று சொல்லிக்கொண்டதில் எவ்வளவு அவருக்காக, எவ்வளவு தனக்காக? இன்றைக்கு எதை நினைத்தாலும் அதன் வயிற்றிலிருந்தும் இப்படிக் கறுப்பாக ஏதாவது உடைந்து ஒழுகுகிறது.

மூன்று நாளாகப் பெண்கள் வந்து வந்து போனார்கள். ஒவ்வொருத்தியும் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். வெற்றிலை வாய், பல்பொடி வாய், இஞ்சி டீ குடித்த வாய். எல்லா வாயும் ஒரே வார்த்தையைச் சொன்னது. அல்லாஹ் குறிச்ச நேரம்மா. நாம அவசரப்பட்டா ஆகுமா, அவன் நாடுற நேரத்துலதான் எல்லாம். பாத்தியா, உன் துஆவக் கேட்டு எப்படிக் கபூலாக்கிட்டான். நீ பொறுத்த ஸபருக்குக் கூலி இல்லாமப் போகுமா. ஸபர், ஸபர். அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போது வாய்க்குள் பழைய துணியைத் திணித்தது மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த வார்த்தையில்தானே இத்தனை வருஷம் குடியிருந்தாள். தெருவில் அவளுக்கு அதுதான் பேர், ஸபர்காரி ஜைத்தூன். கல்யாணம் ஆன புதுப்பெண்களை அவளிடம் கூட்டிவந்து காட்டுவார்கள், இவளப் பாத்துக் கத்துக்க என்று. ஆறாம் வருஷம் அவளுடைய காக்கா, கூடப் பிறந்த அண்ணன், ராமநாதபுரத்திலிருந்து வந்து, இங்க பாரு, உனக்கு வயசு முப்பத்தொண்ணு, குலா கேட்டு விலகிக்க, கீழக்கரையில ஒரு ஆளு இருக்காரு, பொஞ்சாதி மவுத்தாகி ஒத்தையா இருக்கவரு, நல்ல மனுசன், புள்ளயயும் சேத்துப் பாத்துக்கிடுவாரு என்று சொன்னபோது அவள் ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள். எனக்கு உள்ளத அல்லாஹ் தருவான், அவன் நேரத்துல தருவான், நான் இருந்து வாங்கிக்கிடுறேன். காக்காவின் முகம் செத்துப்போனது. அதைப் பார்த்தபோது நெஞ்சில் இனித்தது. அந்த இனிப்பு இன்னும் நினைவிருக்கிறது. அது நம்பிக்கையின் ருசி என்று நினைத்திருந்தாள். இல்லையோ. காக்காவைவிட, தெருவைவிட, கீழக்கரைக்காரரைவிடத் தான் ஒரு படி மேலே நிற்கிறோம் என்ற ருசிதானோ அது. அதைத் தின்றுதான் அடுத்த ஐந்து வருஷம் பசியில்லாமல் இருந்தாளோ. சீ. அரிவாள்மனையில் கணவாயை வைத்து வளையம் வளையமாக அரிந்தாள். வளையங்கள் அலுமினியச் சட்டியில் விழுந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

குழாய் நின்றது. துடைத்துக்கொண்டிருப்பார். அவர் எந்தத் துண்டால் துடைக்கிறார் என்று பார்த்து அதைத் தனியாகத் துவைக்கப் போட வேண்டும் என்று நேற்றே ஒரு நினைப்பு வந்தது, வந்ததும் மன்னிப்புக் கேட்டு அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிக்கொண்டாள். ஒரு வாடை. வந்து இறங்கிய அன்றைக்கே அடித்தது, விமானத்து வாடையாக இருக்கும் என்று நினைத்தாள். அழுகின முட்டையும் பழைய போர்வையும் சேர்ந்த மாதிரி, குளித்தாலும் போகாத வாடை. போனில் வாடை வராது. மாசத்துக்கு ஒருதரம் ஏழு நிமிஷம் ஜெயிலிலிருந்து பேசுவார், அந்தக் குரலுக்கு உடம்பே கிடையாது. அந்தக் குரலுக்கு அவளே ஓர் உடம்பைச் செய்து வைத்திருந்தாள், கல்யாணத்துக்கு மறுவருஷம் நீலச்சட்டை போட்டு எடுத்த படத்தில் இருக்கிற உடம்பு. நடுராத்திரி தஹஜ்ஜத் தொழுகையில் கையேந்தினால் அந்த நீலச்சட்டைதான் வரும். சுத்தமான கழுத்து. யா அல்லாஹ், அவர எனக்குத் திருப்பித் தா. தந்துவிட்டான். கேட்டது ஒருத்தரை, வந்து இறங்கினது வேறு ஒருத்தர். முன்பல் ஒன்று இல்லை, மருதாணி போட்ட தாடி, தட்டைத் தாடைக்குக் கீழே தூக்கி வைத்துக்கொண்டு, இடது கையை அணைப்பாகச் சுற்றி, யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல அவசர அவசரமாக விழுங்குகிறார். சோறு வாயோரத்தில் ஒட்டினால் நாக்கைச் சுழற்றி எடுக்கிறார். சுமையாவுக்குப் பதின்மூன்று வயது. வாப்பா முகம் தெரியாமல் வளர்ந்த பிள்ளை, வாசலில் வாப்பா என்று ஓடிவந்து கட்டிக்கொள்ளப் போனபோது சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். தள்ளி நில்லு என்றார். பிள்ளையின் முகம் போன போக்கு. அதைப் பார்த்த இடத்தில்தான் தனக்குள் ஏதோ திரிந்துபோனது, பாலில் உப்பு விழுந்தது மாதிரி. பிள்ளையைக் கூடத் தொடாத மனுஷன். அப்படியானால், தெரிந்தேதான் செய்தார் என்கிற அந்த மற்றதும் உண்மையாக இருக்குமோ. அவர் ஓட்டிய வண்டியில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது, முதலாளி சொன்னான் ஓட்டிப்போனார், வழியில் பிடித்தார்கள், பதினைந்து வருஷம் போட்டார்கள், நோன்பு மாசத்து மன்னிப்பில் நாலு வருஷம் குறைந்தது. இதுதான் கதை. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். தெரியாமல்தானே ஓட்டினார்? தெரியாமல்தான். போனில் ஒருதரம்கூட அவள் கேட்டதில்லை, ஏழு நிமிஷத்தில் அதைக் கேட்க முடியாது. தெரியாமல்தானே? முதல் வருஷத்திலேயே வந்திருந்தால் கேட்டிருப்பாள். மூன்றாம் வருஷம் வந்திருந்தால் கேட்காமலே கட்டிக்கொண்டு அழுதிருப்பாள், அப்போது உடம்பு அப்படிக் கிடந்து தவித்தது. ஏழாம் வருஷம் வந்திருந்தாலும் ஏதாவது மிச்சம் இருந்திருக்கும். எல்லாம் காய்ந்து, இனிமேல் தவிக்க ஒன்றுமில்லை என்று ஆன பிறகு, முப்பத்தாறு வயசில், இதுதான் நேரம் என்று கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டிருக்கிறாய். இது என்ன நேரம். யாருக்கு இது நேரம். உடனே பயம் வந்தது. கேட்டதைக் கொடுத்தவன் முகத்தில் திருப்பி எறியலாமா. எறிந்தால் வேறு எதையாவது எடுத்துக்கொள்வான். சுமையா பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிளில் வருவாள், பிரதான சாலையில் லாரி. இல்லை, இல்லை. அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ். கணவாயின் வாயைப் பிதுக்கினாள். கிளியின் மூக்கு மாதிரி கறுப்பாக ஒரு பல் எகிறி வந்து அவள் மணிக்கட்டில் ஒட்டியது.

முதல் இரண்டு ராத்திரியும் வீடு நிறைய உறவுக்காரர்கள். ஆண்கள் கூடத்தில் படுத்தார்கள், அவரும் அங்கே ஓர் ஓரமாகத் தரையில் படுத்துக்கொண்டார். இன்றைக்கு எல்லோரும் போயாகிவிட்டது. காலையில் கணவாய்ப் பையை நீட்டும்போதே மதினி குரலைத் தாழ்த்திச் சொன்னாள், இன்னக்கி ராத்திரி புள்ள எங்க வீட்டுல படுக்கட்டும், என்ன? சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. கண்ணைச் சிமிட்டக்கூடச் செய்தாள், ஐம்பது வயசில். புது விரிப்பு ஒண்ணு வச்சிருக்கேன், மத்தியானம் கொண்டாந்து தர்றேன். புது விரிப்பு. நல்ல கடையில் எடுத்ததாக இருக்கும், பூப்போட்டது. அந்தப் பூவின் மேல் அவர் படுப்பார். அந்த வாடை. அந்தப் பல்லில்லாத இடத்திலிருந்து வருகிற மூச்சு. மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு என்ன வாய் இருக்கிறது? இதற்காகத்தானே பதினோரு வருஷம் தொழுகை முஸல்லாவில் நெற்றி தேய்ந்தது. கையேந்தி வாங்கினதை எப்படி வேண்டாம் என்பது. கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். எல்லாப் பெண்களும் அப்படித்தான் இருக்கிறார்களோ என்னவோ, யார் வாயைத் திறந்து சொன்னார்கள். கண்ணை மூடினாலும் மூக்கை எப்படி மூடுவது. நினைக்கும்போதே குமட்டியது. புறங்கையால் வாயைப் பொத்தப் போய், கையில் இருந்த மை நினைவுக்கு வந்து, அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"உள்ள வரலாமா?"

நிமிர்ந்தாள். அடுப்படி வாசலுக்கு வெளியே நின்றார். கால்விரல் நிலைப்படியைத் தொடாமல், கோடு போட்டு நிறுத்தியது மாதிரி.

"உங்க வீடு. என்னத்தக் கேக்குறீங்க?"

"பழக்கமாப் போச்சு," என்றார். ஆனாலும் வரவில்லை. ஈரத் தலையிலிருந்து தண்ணீர் காதில் சொட்டியது. "கணவாயா?"

"ம். மதினி குடுத்துட்டுப் போனாங்க. உங்களுக்குப் பிடிக்கும்னு."

"பிடிக்கும்." கொஞ்சம் யோசித்தார். "பிடிச்சுச்சு. இப்ப எப்புடின்னு தெரியல. நான் வேணா ஆஞ்சு தரவா?"

"வேணாம்."

வேகமாகச் சொல்லிவிட்டாள். அவர் தன் கைகளைப் பார்த்தார், பிறகு இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "அதுவும் சரிதான்," என்றார்.

அது என்ன, அதுவும் சரிதான்? கோபித்துக்கொண்டால்கூடப் பரவாயில்லை. அந்த அடக்கம் எரிச்சலாக இருந்தது, காற்று வேறு இந்தப் பக்கம் அடித்து வாடையைக் கொண்டுவந்து முகத்தில் அப்பியது. நினைத்துக்கொண்டிருந்தது வாயில் வந்துவிட்டது.

"உங்ககிட்ட ஒரு வாடை வருது."

"தெரியும். மருந்து." அவர் அவளைப் பார்க்காமல் சட்டியைப் பார்த்துச் சொன்னார். "கந்தகம் போட்ட மருந்து. ஒடம்பெல்லாம் சொறி. அங்க ஒரு ரூம்ல நாப்பது பேரு, ஒருத்தனுக்கு வந்தா எல்லாருக்கும் வரும். வெளிய விடுறப்ப டாக்டர் ஒரு டப்பா குடுத்தாரு. இன்னும் பன்னெண்டு நாள் போடணும். அதுவரைக்கும் யாரையும் தொடாதே, ஒட்டிக்கிடும்னாரு. அதான் புள்ள வந்து விழுந்தப்ப..." அதற்குமேல் சொல்லவில்லை. ஒரு கையை முன்னால் கொண்டுவந்து விரல்களை விரித்துக் காட்டினார். விரலிடுக்கில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு, சிலது வெடித்துப் பொருக்குத் தட்டியிருந்தது.

தெரிந்துகொண்டால் அருவருப்பு போய்விடும் என்று யார் சொன்னது. கூடத்தான் செய்தது. அந்த விரலிடுக்கைப் பார்த்ததும் அவளுக்கே உடம்பெல்லாம் அரித்தது. பிள்ளையை அதற்காகத்தான் தள்ளி நிறுத்தினார் என்பது புத்திக்கு விளங்கியது. வயிற்றுக்கு விளங்கவில்லை.

"மதினிகிட்ட சொல்லலயா?"

"எப்புடிச் சொல்ல? எல்லாரும் சந்தோசமா இருக்காங்க."

"எங்கிட்ட?"

"உங்கிட்டயா?" சிரித்தார், பல் இல்லாத இடம் தெரிந்தது. "பதினோரு வருஷம் நீ ஸபரா இருந்தத ஊரே பேசுது. வந்து எறங்குன அன்னக்கே சொறியக் காட்டவா?"

"மருந்து மட்டும் இல்ல," என்றாள் ஜைத்தூன். நாக்கு தானாகப் போய்க்கொண்டிருந்தது, நிறுத்தத் தெரியவில்லை. "எனக்கு அருவருப்பா இருக்கு. நீங்க காறுறது. திங்கிறது. எல்லாமே. எனக்கு உங்களத் தெரியல. போன்ல பேசுனவரு வேற யாரோ."

அடிப்பார் என்றுகூட நினைத்தாள், அவர் ஒருநாளும் அடித்ததில்லை, இருந்தாலும் இந்த ஆள் அடிக்க மாட்டார் என்று அவளுக்கு எப்படித் தெரியும். அவர் நிலைப்படிக்கு அந்தப் பக்கமே மெதுவாகக் குந்தி உட்கார்ந்தார்.

"அங்க கண்ணாடி குடுக்க மாட்டாங்க, ஒடச்சுக் குத்திக்கிடுவாங்கன்னு," என்றார். "ஏர்போட்டு பாத்ரூம்லதான் முழுசா மொகத்தப் பாத்தேன். எங்க வாப்பாவோட சேக்காளி யாரோ நிக்கிறாருன்னு வழி விட்டு ஒதுங்குனேன். பெறகுதான் தெரிஞ்சுச்சு. உனக்கு அப்படி இருக்குறது தப்பில்ல. எனக்கே அப்படித்தான் இருக்கு."

"இன்னக்கி ராத்திரி..."

"தெரியும். உம்முசல்மா லாத்தா எங்கிட்டயும் சொல்லிச்சு."

"எனக்கு நாள் வேணும்."

"பன்னெண்டு நாள்ல மருந்து முடிஞ்சிரும், அதுக்குப் பெறகு..."

"மருந்துக்கு இல்ல. எனக்கு."

"எத்தன நாளு?"

"தெரியாது."

"சரி. அல்லாஹ் நாடுன நேரத்துல..."

"அவன இதுல இழுக்காதீங்க." குரல் உடைந்து பெரிசாக வந்தது. "அவன் நேரம் முடிஞ்சிருச்சு. அவன் குறிச்ச நேரத்துக்கு உங்களக் கொண்டாந்து வாசல்ல விட்டுட்டான். நான் ஒரு வார்த்த கேக்காம இருந்தேன், பதினோரு வருஷம். இனி உள்ளது என் நேரம். நான் சொல்றப்பத்தான்."

சொல்லிவிட்டு மேலே பார்த்தாள். ஓடு ஓடாகத்தான் இருந்தது. கொல்லையில் ஒரு காக்கை கணவாய்த் தலையைக் கொத்தி இழுத்துக்கொண்டு போனது. இப்படிச் சொன்னால் என்னென்னவோ நடக்கும் என்று பயந்திருந்தாள். இடி விழும், பிள்ளைக்கு ஆகாது, நாக்கு இழுத்துக்கொள்ளும். ஒன்றுமில்லை. ஒருவேளை அவனுக்கு இது கோபம் இல்லையோ. பதினோரு வருஷமாக அவள் இப்படி ஒரு வார்த்தை தன்னிடம் பேசுவாளா என்று அவனும்தான் காத்துக்கொண்டிருந்தானோ, பொறுமைசாலி என்று எல்லோரும் அவளைத்தானே சொன்னார்கள். இந்த நினைப்பு அவனை மறுக்கிற குஃப்ரா, நம்புகிற ஈமானா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மூச்சு மட்டும் நெஞ்சுவரைக்கும் போய் வந்தது.

"சரி," என்றார் அபுதாஹிர்.

அந்தச் சரி அவளுக்குப் பிடிக்கவில்லை. வார்டனிடம் சொல்கிற சரியோ. அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும், முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பேசினார். "அங்க எப்பன்னு கேட்டா ஒருத்தனும் பதில் சொல்ல மாட்டான். நீ எங்கிட்டச் சொல்லுவல்ல? இப்ப இல்ல, இப்பன்னு. அது போதும்."

கேட்டுவிடலாமா, வண்டியில் என்ன இருந்தது என்று தெரியுமா தெரியாதா என்று. நாக்கு நுனியில் வந்து நின்றது. வேண்டாம். அதற்கும் ஒரு நாள் அவள்தான் குறிப்பாள்.

கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு உம்முசல்மா மதினி வந்தாள். அக்குளில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத விரிப்பு. "என்னா தம்பி, அடுப்படியில குந்தியிருக்கே? ஜைத்தூனு, புள்ளயோட துணி எடுத்து வச்சியா?"

"சுமையா இங்கயே படுக்கட்டும் மதினி."

"என்னா பேசுற நீ?" மதினியின் புருவம் ஏறியது. "பதினோரு வருஷம் கழிச்சு அல்லாஹ் நமக்கு..."

"நான்தான் சொன்னேன் லாத்தா," என்றார் அவர். எழுந்து நின்று, இரண்டு கையையும் அக்காவுக்கு நேராக விரித்துக் காட்டினார். "சொறி. ஒட்டிக்கிடும். அவகிட்ட இப்பத்தான் சொன்னேன். கொஞ்ச நாள் நான் தனியாவே இருக்கேன்."

மதினி அரை அடி பின்னால் போனாள். தெரிந்து போகவில்லை, கால் தானாகப் போனது. முக்காட்டுத் தலைப்பு மூக்குக்கு வந்தது, உதடு ஒரு பக்கமாகக் கோணியது, கண் அந்த விரல்களை விட்டு எங்கே போவதென்று தெரியாமல் சுவரைத் தேடியது. ஜைத்தூன் அந்த முகத்தையே பார்த்தாள். மூன்று நாளாகத் தன் முகம் இப்படித்தான் இருந்திருக்கிறது. சோறு வைக்கும்போது, துண்டு கொடுக்கும்போது. அவர் அதைப் பார்த்துக்கொண்டேதான் தின்றிருக்கிறார். கூடப் பிறந்தவளுக்கு அந்த முகம் வந்ததில் அவளுக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது, தனக்கு வந்ததில் வராத கோபம்.

"நல்லா மருந்து போட்டா போயிரும் மதினி," என்றாள். "விரிப்ப அங்க வச்சுட்டுப் போங்க. உங்க வீட்டுக்கும் கணவாய் அனுப்புறேன்."

"வேணாம்மா, வேணாம்," என்றாள் மதினி அவசரமாக. விரிப்பை நாற்காலியில் வைத்துவிட்டு, அவன் நாட்டம், எல்லாம் அவன் நாட்டம் என்று முனகிக்கொண்டே போய்விட்டாள்.

குளித்ததற்குப் பிறகு மருந்து போட வேண்டும் என்று அவர் அறைக்குள் போனார். ஜைத்தூன் கணவாயைக் கழுவி மூடி வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். பள்ளிவாசலில் மத்தியான லுஹர் பாங்கு சொன்னார்கள். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு முதுகு காட்டி நின்றுகொண்டு, ஒரு கையைத் தோளுக்கு மேலாகவும் மறு கையை இடுப்புக்குக் கீழாகவும் கொண்டுபோய் அவர் எதையோ எட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டவில்லை. மூச்சிரைத்தது. மறுபடி முயன்றார். பார்க்கச் சகிக்கவில்லை. மளிகை வந்த பாலிதீன் பை ஒன்று ஆணியில் தொங்கியது, அதை உதறி வலது கையில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

"திரும்புங்க."

"வேணாம் ஜைத்தூன். ஒட்டிக்கிடும்."

"கையில பை போட்டிருக்கேன். அசையாம நில்லுங்க."

டப்பாவைத் திறந்ததும் அழுகின முட்டை வாடை நேராக வந்து மூக்கில் அடித்தது. மஞ்சளாகப் பிசுபிசுத்த மருந்தை வழித்துத் தோளில் வைத்தாள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவரைத் தொடுகிறாள், பாலிதீனுக்கு இந்தப் பக்கமிருந்து. தடிப்புகள் பைக்கு மேலாகவே நெறுநெறுத்தன. தோளிலும் இடுப்பிலும் பொருக்கு உதிர்ந்து தோல் ஆறிக்கொண்டு வந்திருந்தது. முதுகின் நடுவில் மட்டும், இரண்டு கையும் சந்திக்காத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

"இந்த எடத்துக்கு இத்தன நாளா யாரு போட்டா?"

"யாரும் போடல," என்றார். "அதான் அங்க ஆறல."

குமட்டிக்கொண்டு வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, டப்பாவிலிருந்து இன்னும் கொஞ்சம் வழித்து எடுத்தாள்.